விண்ணப்பமும் பாயிரமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் அமைந்தது சல்லி என்னும் சிற்றூர். முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்றது. கடலை நம்பி வாழும் மக்களையுடையது. போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட கரையைச் சேர்ந்தது. இவ்வூரவர் பல்கலைக்கழகம் என்றால் பேராதனையையும் யாழ்ப்பாணத்தையும் நினைந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளித் தெருவிலே கோணேசபுரியில், கூப்பிடு தூரம் என்னும்படி நிற்கின்றது. பட்டம் பெறுதல் நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் புதுமையன்று. கலாநிதிப் பட்டம் வரையிற் செல்வோரும் அங்கொருவர் இங்கொருவராகத் தோன்றத் தொடங்கியுள்ளனர். அப்பட்டத்தின் பின் என்ன செய்வது என்பதை அவர்க்குச் சொல்லுவார்தாம் அரியர்.

நமது நாட்டு வழக்கம் தனிப்பட்டது. இங்கே சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்றவர் தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெறுவர். பின்னர்ச் சம்பளத்துடன் விடுமுறை பெற்றுக் கலாநிதிப் பட்டத்துக்குச் செல்வர். முடித்தபின் உடன்படிக்கையின்படி திரும்பி வந்து கற்பிப்பர். அஃதாவது உத்தியோகம் முன்னும் ஆராய்ச்சி பின்னுமாக நடக்கின்றது. மேல்நாடுகளில் இம்முறை தலைகீழானது. கலாநிதிப் பட்டம் பெற்றவர் நிரந்தர ஆசிரியப் பதவிக்குத் தகுதி பெறுமுன், இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு பேராசிரியரின் கீழோ ஓர் ஆய்வுக் குழுவிலோ, ஒப்பந்தத்தின் பேரில் சம்பளம் பெற்று ஆராய்ச்சி மட்டுமே செய்வர். இதனையே போஸ்ட் டொக்டரல் ஆய்வு என்று வழங்குகின்றனர். இது மாணவ நிலையுமன்று, ஆசிரிய நிலையுமன்று. இவ்விடைநிலை நம் நாட்டில் வேரூன்றாமையால், விரிவுரையாளர் பதவியைப் பெறாது தம் சொந்த முயற்சியாற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடசாலை ஆசிரிய நியமனத்துக்கு வரிசையில் நிற்க நேர்கின்றது. வழி இல்லை என்பதன்று. வழி கடல் கடந்து கிடக்கின்றது என்பதே செய்தி.

அவ்வழியில் முதல் தடை பணமன்று, கடவுச்சீட்டுமன்று. கடிதம்.

சில காலத்துக்கு முன் இப்பகுதி இளைஞர் ஒருவர், பண்டித வகுப்பில் என்னிடம் இலக்கணம் கேட்டவர், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியருக்கு அனுப்ப இருந்த கடிதத்தை என்னிடம் காட்டினார். ஆங்கிலம் பிழையற்றதாகவே இருந்தது. முதற் பத்தியிற் பேராசிரியரின் புகழ். இரண்டாவதிற் பல்கலைக்கழகத்தின் புகழ். மூன்றாவதில், தாம் எளிய குடும்பத்திற் பிறந்தவர், எப்பணியாயினும் ஏற்கச் சித்தமாயிருப்பவர், ஒரு வாய்ப்பளித்தால் என்றும் நன்றி மறவாதவர் என்பன. கரையோர மக்களின் வாய்மொழிப் பாடல்களை ஐந்தாண்டு முயன்று தொகுத்து ஆராய்ந்த அவருடைய உழைப்பைப் பற்றி ஒரேயொரு வரி, அதுவும் ஈற்றில்.

“தம்பி, நீர் செய்த வேலை எங்கே?” என்றேன்.

“ஐயா, நாமே நம்மைப் பற்றிப் பெரிதாக எழுதுவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். சான்றிதழ்களை இணைத்திருக்கிறேன்” என்றார்.

நம் பிள்ளைகள் இந்த அடக்கத்தாலேயே ஆண்டுகளை இழக்கின்றனர். வீட்டிலும் பாடசாலையிலும் அடக்கத்தை நாம் பழக்கியிருக்கிறோம், அது நன்றே. ஆனால் அடக்கம் இன்னதென்பதையும் அது விலகி நிற்கும் இடம் இன்னதென்பதையும் சேர்த்துப் பழக்கவில்லை. இத்தனைக்கும் நம் இலக்கணமே அதனை வகுத்துரைக்கின்றது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், அரிய பொருள்களை ஆராய்ந்து பல துறைகளையும் முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கின்றார். விதியோடு நில்லாது அடுத்த சூத்திரத்திலேயே விலக்கு நான்கு கூறுகின்றார். அரசனுடைய மன்றத்துக்கு ஓலை போக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னை இகழ்ந்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்பது அவர் தீர்ப்பு. பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பம் இந்நான்கில் முதலிரண்டுக்கும் ஒருங்கே பொருந்துவது: மன்றத்துக்குப் போகும் ஓலை அது, படிப்போரும் நம்மை அறியாதார். அங்கே வாய்மூடி நிற்பது அடக்கமன்று, இலக்கண வழு.

புகழ்தல் என்பதும் பெருமை பேசுதலன்று. செய்ததைச் செய்தபடி எடுத்து முன்வைத்தலே அறிஞனுக்குரிய தற்புகழ்ச்சி. இதற்குக் கணித மேதை இராமாநுசனினும் நல்ல சான்று எங்குள்ளது? சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபா பெற்ற எழுதுவினைஞர் அவர், எப்.ஏ. பரீட்சையிலும் தேறாதவர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேக்கர், ஹொப்சன் என்னும் இருவருக்கு எழுதிப் பயன் பெறாமல், 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதினார். தம் நிலையைச் சுருங்கச் சொல்லிவிட்டு, தாம் கண்ட தேற்றங்களை நூற்றுக்கு மேல் வரிசையாக எழுதி அத்துடன் இணைத்தார். ஹார்டியின் உள்ளத்தைப் பிடித்தது வறுமையன்று, அத்தேற்றங்கள். அடுத்த மாதமே மறுமொழி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபா வீதம் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டமில்லாத ஒருவருக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் என்னும் நிலை வாய்த்தது. துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிறிங், வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பேட் வோக்கர் ஆகியோரின் ஆதரவும் அதற்குத் துணைநின்றது. கடிதம் ஒருபுறமும் அறிந்தோர் சான்று ஒருபுறமுமாக இரண்டும் கூடியே காரியம் முடிந்தது என்க.

சான்று என்றதும் நம்மவர் செய்யும் இன்னொரு தவறும் நினைவுக்கு வருகின்றது. இங்கே நற்சான்றுப் பத்திரம் என ஒன்றுண்டு. அதிபரோ, சமாதான நீதவானோ, குருக்களோ எழுதிக் கையிற் கொடுப்பர். நாம் அதனைப் பிரதி எடுத்து எல்லா விண்ணப்பத்தோடும் இணைப்போம். இவர் நன்னடத்தையுடையவர், எனக்கு நெடுங்காலம் தெரிந்தவர் என்றிருக்கும். ஆய்வுப் பதவிக்கு இப்பத்திரம் ஒரு காசும் பெறாது. அவர்கள் வேண்டுவது இரண்டு அல்லது மூன்று அறிஞரின் பெயரும் முகவரியுமே. அவர்க்குத் தாமே எழுதி, விண்ணப்பித்தவர் கண்ணிற் படாதவாறு மறுமொழி பெறுவர். ஆகவே யாரைப் பெயர் குறிப்பது என்பது பெரிய கேள்வி. நன்னூலார் இதற்கும் விடை வைத்திருக்கிறார். சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார், நூலாசிரியனின் ஆசிரியன், அவனுடன் கற்றோன், அவன் மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை செய்தவன் என்பர். இவருள் மாணாக்கனை விட்டு மற்றையோரைப் பாருங்கள்: ஆய்வை மேற்பார்வை செய்தவர், உடனிருந்து ஆராய்ந்தவர், ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துப் பரீட்சித்த புறத்தேர்வாளர். இம்மூவரினும் தகுந்தவர் இலர். செல்வாக்குடையவர், பாராளுமன்ற உறுப்பினரை அறிந்தவர் என்பனவெல்லாம் அந்த மன்றத்திற் செல்லா. பெயர் குறிக்குமுன் அவர்களின் இசைவைக் கேட்பதும், கேட்டபின் ஆய்வுத் திட்டத்தின் பிரதி ஒன்றை அவர்க்கு அனுப்புவதும் மரியாதை. வேலைப்பளு மிக்க சில பேராசிரியர், “நீரே எழுதிக் கொண்டு வாரும், ஒப்பமிடுகிறேன்” என்பதுண்டு. அவர்களிடம் கேளாதிருப்பதே நலம்.

இனி ஆய்வுத் திட்டம். பாயிரம் என்பது நூலுக்கு முன் நிற்பது. திட்டம் என்பது ஆராய்ச்சிக்கு முன் நிற்பது. ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டும், காலம் களம் காரணம் என மூன்றும் பாயிரத்திற் சொல்ல வேண்டும் என்பர். திட்டம் எழுத அமர்பவர் இப்பதினொன்றையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்கலாம். வழி என்றது, யார் செய்த ஆராய்ச்சியை இது பின்பற்றியும் திருத்தியும் செல்கின்றது என்பது. எல்லை என்ற சொல்லை ஆசிரியர் நூல் வழங்கும் நிலத்துக்கே கூறினாராயினும், நாம் இதனை எவ்வளவு செய்வோம், எதனைச் செய்யோம் என்பதற்குக் கொள்ளலாம். மூன்றாண்டிற் சங்க காலம் முதல் இக்காலம் வரை ஆராய்வேன் என்று எழுதுபவருக்கு எல்லை தெரியாது. யாப்பு என்றது, இது கற்றபின் இது கற்க என்னும் இயைபு: கலாநிதி ஆய்வு முடிந்த இடத்துக்கும் இத்திட்டம் தொடங்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு. பெரும்பாலான விண்ணப்பங்கள் வீழ்வது இவ்விடத்திற்றான். ஆய்வேட்டையே சுருக்கித் திட்டம் என்று எழுதுவோர் ஒருசாரார். ஆய்வேட்டுக்கும் தமக்கும் உறவில்லாதார் போலப் புதுப்பொருள் ஒன்றைப் பிடிப்போர் மற்றொரு சாரார். களம் என்றது, இவ்வாராய்ச்சி ஏன் அந்தப் பல்கலைக்கழகத்தில், அந்தப் பேராசிரியரிடத்தில் நடைபெற வேண்டும் என்பது. அவர் எழுதிய நூலிலோ கட்டுரையிலோ ஒன்றையேனும் ஆழ்ந்து படிக்காதவர் இதற்கு விடை எழுதவியலாது. என் மாணவரின் கடிதத்தில் முதலிரண்டு பத்திப் புகழையும் அடித்துவிட்டு அவ்விடத்தில் எழுதச் சொன்னது இதனையே.

இவ்வளவும் சரிவரச் செய்தால் இடம் கிடைத்துவிடுமா? அப்படிச் சொன்னால் நான் பொய்யனாவேன். உலகெங்கணும் இவ்வகை ஆய்வாளர் மிகப் பலர்; அவருக்குப் பின் கிடைக்கக்கூடிய நிரந்தரப் பதவிகளோ சில. சிதம்பரத்தில் 1952இற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் வரலாறு இவ்விடத்தில் விரித்துரைக்கத் தக்கது. பரோடாவிற் பௌதிகத்திற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976இற் பௌதிகக் கலாநிதியானவர். ஆனால் அவர் மனம் உயிரியலிற் சென்றது. என்ன செய்தார்? கலாநிதிப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சன் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராக மறுபடியும் வாங்கில் அமர்ந்தார். கலாநிதி ஒருவர் இரண்டாம் முறை மாணவராகும் காட்சியை நம்மூரில் எண்ணிப் பாருங்கள், உறவினர் விடுவரா?

அங்கிருந்தபோது, உயிரணுவிற் புரதங்களைத் தொகுக்கும் றைபோசோம் என்னும் நுண்பொறியை நியூத்திரன் கதிர்களால் ஆராயும் முறை பற்றி விஞ்ஞான இதழொன்றில் வெளிவந்த கட்டுரையைப் படித்தார். அதனை எழுதிய இருவரும் யேல் பல்கலைக்கழகத்தினர். பௌதிகம் கற்றவன் உயிரியலுக்குட் புகுதற்கு ஏற்ற வாயில் அதுவே என்று கண்டு அவருள் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மற்றவராகிய பீட்டர் மூரின் ஆய்வுகூடத்தில் 1978இல் இடம் கிடைத்தது. விளம்பரம் பார்த்து எழுதிய கடிதமன்று இது. கட்டுரை படித்து எழுதியது. பதவி தேடுவார் பலர் இணையத்தில் விளம்பரங்களையே துழாவுவர். விளம்பரம் வெளிவரும்போது, அப்பதவிக்குரிய ஆய்வுப் பொருள் முன்னமே முடிவு செய்யப்பட்டிருக்கும். கட்டுரையைப் படித்து எழுதுபவரோ, பொருளோடு செல்கின்றார்.

நான்கு ஆண்டு யேலில் உழைத்தபின் ஆசிரியப் பதவி வேண்டி ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஓரிடத்திலும் கிடைக்கவில்லை. ஐம்பது என்பதை வாசகர் ஒருமுறை நின்று எண்ண வேண்டும். நம் பிள்ளைகள் மூன்று இடத்துக்கு எழுதி மறுமொழி வாராவிடின், “எங்களுக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்” என்று மூலையில் அமர்கின்றனர். அவர் பல்கலைக்கழகப் பதவியை விட்டு, 1982இல் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். தம் விருப்பப்படி ஆராயும் வாய்ப்பு அங்கே அமையவில்லை. மறு ஆண்டே புறூக்ஹேவன் ஆய்வுகூடத்துக்கு மாறிப் பன்னிரண்டு ஆண்டு அங்கிருந்தார். பின்னர் யூட்டா பல்கலைக்கழகம். 1999இல், குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு, கேம்பிரிட்ஜிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம். றைபோசோமின் சிறு கூறினது அமைப்பை அவர் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு 2009இல் இன்னும் இருவரோடு அவருக்குக் கிடைத்தது. வென்றவர் கதை என்பதற்காக இதனைக் கூறினேனல்லேன். ஐம்பது மறுப்புக்குப் பின்னும் அவர் ஆராய்ச்சிப் பொருளை மாற்றவில்லை. இடத்தையே மாற்றினார் என்பது நோக்கற்பாலது. பாடில்லாத நாளில் வலை பொத்திக்கொண்டிருக்கும் நம் கரையோரத்துப் பெரியவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டுவதன்று.

எங்கே தேடுவது என்று கேட்போருக்குச் சில கூறுவேன். ஆய்விடங்கள் இருவகைப்படும். ஒரு பேராசிரியர் பெற்ற நிதியில், அவர் வகுத்த திட்டத்தில் ஒரு கூற்றைச் செய்வதற்கு ஆள் வேண்டுதல் ஒன்று. நம் பொருளை நாமே கொண்டு சென்று பெலோஷிப் பெறுதல் மற்றொன்று. இரண்டாவதிற்கும் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரின் இசைவு முன்னரே வேண்டும். ஜேர்மனியின் ஹம்போல்ட் நிறுவனமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி பெலோஷிப்பும் இத்தகையன. ஜப்பானின் விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்துக்கோ அந்நாட்டுப் பேராசிரியரே தம் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மேரி கியூரிக்கு எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டத்தின் பின் எட்டு ஆண்டுக்கு மேல் ஆராய்ச்சி அனுபவம் இருத்தலாகாது. செல்லக் கருதும் நாட்டில், விண்ணப்ப முடிவு நாளுக்கு முந்திய மூன்றாண்டிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருத்தலும் ஆகாது. நம் கரையிலிருந்து முதன்முறை புறப்படுபவருக்கு இப்பின்னைய விதி ஒரு தடையே அன்று. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை: பதவிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் அனுப்புக என்று கேட்கும் எந்த மின்னஞ்சலையும் நம்பவேண்டா.

தமிழாராய்ச்சி செய்வோர், இவையெல்லாம் விஞ்ஞானிகளுக்கன்றோ என்பர். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனமும், ஓலைச்சுவடி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஹம்பேர்க் பல்கலைக்கழகமும், தமிழிருக்கை நிறுவிய டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் அவர்கள் கவனித்து வரவேண்டிய இடங்கள். ஆராய்ச்சியின் பொருட்டுக் கடல் கடத்தல் திருகோணமலையார்க்குப் புதிதுமன்று. மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர், சென்னையிலே மாநிலக் கல்லூரியிற் கீழைத்தேயச் சுவடிகளைக் காக்கும் நூலகராயிருந்தவர். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையில் வாழ்ந்தே பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய விபுலானந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். இரண்டாண்டில் அப்பதவியை விட்டார், ஆராய்ச்சியை விட்டாரல்லர். யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடிகள் மறையும் முன் ஏறத்தாழ ஆறு வாரத்தில். இவர்களுக்குப் பெலோஷிப் வழங்க எந்த நிறுவனமும் இருக்கவில்லை. வள்ளல்களும் சங்கங்களும் இருந்தன.

அதனினும் முற்பட்ட ஏற்பாடு நம்மிடம் உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன் வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனை, இன்னானிடம் செல்க, இவ்வழியாற் செல்க, இன்னவாறு நிற்க என ஆற்றுப்படுத்துதல். பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படை. திருகோணமலையிலிருந்து சென்று வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் அமர்ந்திருப்போர் இன்று சிலர் உளர். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் செல்கின்றனர். ஒரு மாலைப்பொழுது வளாகத்திலோ ஊர் வாசிகசாலையிலோ இருந்து, தாம் எழுதி வென்ற விண்ணப்பத்தையும் தோற்ற விண்ணப்பத்தையும் இளையோருக்குக் காட்டினால், பத்துப் பயிலரங்குகளினும் அது பயன்தரும். தோற்ற விண்ணப்பமே அதிகம் கற்பிக்கும் என்பது என் எண்ணம்.

என் மாணவர் கடிதத்தை நான்கு முறை திருத்தி எழுதினார். இறுதி வடிவம் ஒரு பக்கம்: முதற் பத்தியில் அவர் தொகுத்த பாடல்களின் தொகையும் அவற்றிற் கண்ட புதுமையும், இரண்டாவதில் அப்பேராசிரியரின் கட்டுரையொன்றில் இவருக்குத் தோன்றிய ஐயம், மூன்றாவதில் அவ்வையத்தைத் தீர்ப்பதற்கு இரண்டாண்டில் இவர் செய்யக் கருதுவது. வறுமை, நன்றி, சித்தம் என்பன இல்லை. அதனை ஒரே நாளில் இருபது பேருக்கு அனுப்பவில்லை. ஒவ்வொருவர்க்கும் இரண்டாம் பத்தியைப் புதிதாக எழுதி, ஆறு பேருக்கு அனுப்பினார். நாளும் பெயரும் குறித்து ஒரு கொப்பியில் பதிந்து வைத்திருக்கிறார். இருவர் மறுமொழி எழுதினர்: ஒருவரிடம் நிதி இல்லை, மற்றவர் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கேட்டிருக்கிறார், அது சென்றிருக்கின்றது. எஞ்சிய நால்வர்க்கும் மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் எழுதலாம் என்றேன். அதற்கு மேல் எழுத வேண்டா.